அம்மா என் பெஞ்சில் உட்கார்ந்த நாள்

ஏரிக்கரையில் என்னோடு காலை நடை வருகிறவர்களுக்கு இப்போது ஒரே பேச்சுதான். பேத்திக்கு எந்தப் பள்ளி, பேரனுக்கு எந்தப் பள்ளி. முழங்கால் வலியும் சர்க்கரையும்கூட இரண்டாம்பட்சம் ஆகிவிட்டன. ஊரப்பாக்கத்தில் ஒன்று நன்றாக இருக்கிறதாம். கேளம்பாக்கம் தாண்டி இன்னொன்று, ஏசி பஸ் வாசலுக்கே வருமாம், ப்ளஸ் ஒன்னிலேயே பிள்ளையைக் காலேஜுக்குத் தயார் பண்ணிவிடுவார்களாம். நேற்று ஒரு தோழி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஸ்ட்ரிக்ட்டான ஸ்கூல்ல படிச்சவங்களாச்சே. அந்த மாதிரி எடத்துல சேத்தா குடும்பம் என்னத்த எதிர்பார்க்கணும்? சொல்லுங்க" என்றாள். நடந்துகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. நம் வயதுக்கு மூச்சும் வாங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அப்போது எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடை இருந்தது. குடை, சூட்கேஸ், பள்ளிக்கூடப் பை. ஜூன் மாதம் வந்துவிட்டால் அத்தாவை வீட்டில் பார்க்க முடியாது. பைகள் கொத்துக்கொத்தாக உத்தரத்திலிருந்து தொங்கும். புது ரெக்ஸின் வாசனை அவர் சட்டையிலேயே குடியிருக்கும். நான் பத்தாவது முடித்த வருடம், எந்தப் பள்ளியில் என்னைச் சேர்ப்பது என்பதை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் அவர் முடிவு செய்தார். யாரிடமும் விசாரிக்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு பள்ளியின் பிள்ளைகள் மட்டும் வருடா வருடம் புதுப் பை வாங்க வந்தார்கள். மற்றப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு பை மூன்று வருடம் வரும்.

"பை எந்த ஸ்கூல்ல சீக்கிரம் கிழியுதோ, அங்கதான் படிப்பு கீது" என்றார் அத்தா.

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் அதுவரை படித்த பெண்கள் பள்ளியில் ஆறாவதிலிருந்து முதல் ரேங்க். எங்கே போட்டாலும் முதல் ரேங்க்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்தப் பள்ளியை முதன்முதலாகப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாசலில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாட்ச்மேன் அதை இரும்புக் கம்பியால் அடித்தால் அந்த ரீங்காரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் போகும் என்பார்கள். நூலகத்தில் மேல் தட்டுக்கு ஏற ஏணி இருந்தது. புத்தகம் எடுக்க ஏணி வைப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக வெயிலில் நின்றன. எல்லாவற்றையும்விட அந்த அமைதி. அத்தனை பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அதை அவ்வப்போது உடைத்துக்கொண்டு பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போகும். ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்பாது.

சேர்க்கை அன்று பெற்றோரையெல்லாம் ஹாலில் உட்கார வைத்துத் தலைமையாசிரியை பேசினார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை. மைக் கிடையாது, தேவையும் படவில்லை.

"இங்க உக்காந்திருக்கிற எல்லார் பிள்ளையும் பழைய ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் ரேங்க். இங்க ஒருத்தர்தான் ஃபர்ஸ்ட் வர முடியும். மீதிப் பேர் வீட்டுக்கு வந்து அழுவாங்க. அழட்டும். உடனே ட்யூஷன் வைக்காதீங்க. என்கிட்ட வந்து சிபாரிசும் பேசாதீங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். டெர்முக்கு ஒரு நாள் உங்க பிள்ளை வீட்டுல இருக்கும். நீங்க வந்து அதோட எடத்துல உக்காரணும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். உங்க வேலையைப் பிள்ளை அன்னிக்கு வீட்டுல பாக்கட்டும்."

ஹாலில் ஒரு சலசலப்பு. டை கட்டிய ஒருவர் எழுந்து, "மேடம், எனக்கு ஆபீஸ் இருக்கே" என்றார்.

"பிள்ளைக்கு ஜுரம்னா லீவு போடுவீங்க இல்ல? அது மாதிரி போடுங்க."

அத்தா அப்படியே சொக்கிப்போனார். தன் கடையில் வாடிக்கையாளரிடம் இப்படிப் பேச முடிந்தால் எப்படி இருக்கும் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அம்மா மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கம் இருந்தது. அதுதான் என் தலையில் இடியாக இறங்கியது. ஒவ்வொரு பீரியட் முடிகிறபோதும் எல்லோரும் வரிசையாக ஆளுக்கொரு விஷயம் சொல்ல வேண்டும். தெரிந்ததை அல்ல, அன்றைய பாடத்தில் தனக்குப் புரியாத ஒன்றை. 'எல்லாம் புரிந்தது' என்று யாராவது சொன்னால் அடுத்த பீரியட் முழுக்க நிற்க வேண்டும். எல்லாம் புரிந்தவருக்கு உட்கார்ந்து கேட்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

நான் வளர்ந்ததோ வேறு மாதிரி. புரியலை என்று சொன்னால் பழைய பள்ளியில் முட்டியில் அடி விழும். புரிந்தது என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வரிவரியாக நெட்டுரு போட்டால் முதல் ரேங்க். அந்த வித்தையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இங்கே கணக்கு சார் போர்டில் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலைவரை எழுதிக்கொண்டே போவார். எனக்கு எது புரியவில்லை என்று சொல்லவாவது கொஞ்சம் புரிய வேண்டாமா? என் முறை வரும்போது வேறு வழியில்லாமல், "எல்லாம் புரிஞ்சுது சார்" என்பேன். நில் என்பார். பெரும்பாலான நாட்கள் நான் நின்றுகொண்டேதான் படித்தேன். கால் வலிகூடப் பெரிதில்லை. முதல் மாதத் தேர்வில் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்புக் கோடு விழுந்தது. அதைப் பார்த்தபோது என்னுடைய பேப்பர் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தலை வாரினால் சீப்பில் முடி கொத்தாக வந்தது. அம்மா அந்த முடியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அத்தாவிடம் காட்டினாள். "படிப்பா இது? பொண்ணப் புடிச்ச பேயி. பாருங்க."

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளி இருந்தது. என் பழைய தோழிகள் பாதிப் பேர் அங்கேதான் போனார்கள். ஒரே சிரிப்பும் கூத்துமாம். அங்கே தலைமையாசிரியை எங்களுக்குத் தெரிந்தவர். "ஜூலை முடியறதுக்குள்ள வந்தீங்கன்னா சேத்துக்கறேன், அப்புறம் முடியாது" என்று சொல்லியிருந்தார். எனக்கு அங்கே போக வேண்டும். அழுதுகொண்டே சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், ஒருநாள் சாப்பிடாமலும் சொன்னேன். அம்மா என் பக்கம். அத்தாவுக்குத்தான் மனசில்லை. கடைசியில் அவர் அம்மாவிடம் கையை விரித்தார்.

"இத பாரு, மொத டெர்ம் ஒக்கார்ற நாளு வருது. நீயே போய் ஒக்காந்து பாரு. நீ வேணாம்னா மறுநாளே எடுத்துடறேன். நீ சொல்றதுதான் முடிவு."

எனக்கு நிம்மதி வந்துவிட்டது. முடிவு தெரிந்த வழக்குதான். எழுதப் படிக்கத் தெரிந்தாலும் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் அம்மா. தனியாகப் பஸ் ஏறிக்கூடப் பழக்கம் கிடையாது. அவளாவது அந்தப் பள்ளியில் ஒரு நாள் தாக்குப்பிடிப்பதாவது என்று நினைத்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வங்கியில் குமாஸ்தா. குடும்பத்தின் ஒரே பட்டதாரி. அவர் முதலில், "அக்கா எதுக்கு? நான் போய் ஒக்காந்துட்டு வரேன். அங்க இங்கிலீஷ்ல பேசுவாங்க" என்று முன்வந்தார். பள்ளியில் கேட்டதற்கு, பிள்ளைக்குச் சோறு போடுகிறவர்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உடனே மாமாவுக்கு ஒரு பயம் பிடித்தது. இது பெற்றோருக்கு வைக்கிற பரீட்சை என்று யாரோ ஆபீஸில் அவரிடம் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். ஃபெயிலான வீட்டுப் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். "நாமளா எடுக்கறது வேற, அவங்க தொரத்தறது வேற. ஊர்ல தலை காட்ட முடியுமா?" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு டியூஷன் நடந்தது.

மாமா என் இயற்பியல் புத்தகத்திலிருந்து நியூட்டனின் முதல் விதியைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா அடுப்படியில் அதைச் சொல்லிக்கொண்டே சோறு வடித்தாள். "எவ்ரி பாடி கன்டின்யூஸ்..." குக்கர் கூவினால் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு, "இதுக்கு அர்த்தம்தான் என்ன?" என்று கேட்டாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா கெடக்கறது சும்மாவேதான் கெடக்கும் அக்கா, யாராவது வந்து தள்ளுற வரைக்கும்."

அம்மா கூடத்தில் பாயில் மல்லாந்து கிடந்த என் அண்ணனைப் பார்த்தாள். "இதச் சொல்ல ஒரு வெள்ளைக்காரன் வரணுமா? தெனம் நான் தள்ளிக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இன்னொரு பாடமும் மாமா சொல்லிக் கொடுத்தார். "எது கேட்டாலும் 'எல்லாம் புரிஞ்சுது சார்'னு சொல்லிடு. அதுதான் மரியாதை. எதிர்க்கேள்வி கேட்டுராத." அந்தப் பள்ளியில் அதற்கு என்ன நடக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இருடி, சிவப்புக் கோடு வாங்கினவ" என்று மாமா அடக்கிவிட்டார். நானும் அடங்கிவிட்டேன். பெரியவர்கள் என்றால் சரியாகத்தான் சொல்வார்கள் என்று நம்பின காலம்.

அந்த நாள் வந்தது. அம்மா பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் பச்சைப் பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டாள். மேலே வெள்ளைத் துப்பட்டி. கையில் அத்தா கடையிலிருந்து கொண்டுவந்த புதுக் குடை, மறுகையில் நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். ஒரு ஆளுக்கு நாலு அடுக்கு எதற்கு என்று கேட்டேன். "பக்கத்துல பிள்ளைங்க ஒக்காந்திருக்குமே" என்றாள். அத்தா அவளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மக்காவுக்கு அனுப்புகிறவர்போல இருந்தது அவர் முகம்.

நான் வீட்டில் அம்மாவின் வேலையைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஸ்டவ்வுக்கு பம்ப் அடித்துக் கை நொந்துபோனது. உலை பொங்கி ஸ்டவ்வை அணைத்தது. அதைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் பால் பொங்கியது. தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடினால், திரும்பி வரும்போது புளிக்குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாற்றம். மத்தியானம் சாப்பிட வந்த அத்தா ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவால்ல, பரவால்ல" என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அண்ணன் ஓட்டலுக்குப் போய்விட்டான்.

ஆனால் அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதெல்லாம் இல்லை. என் மனசு வீட்டிலேயே இல்லை. இப்போது கணக்கு பீரியட் நடக்கும், இப்போது இயற்பியல், இப்போது லேப் என்று உள்ளுக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச், மேஜை மூடியைத் தூக்கினால் கிறீச்சென்னும். அதில் இந்நேரம் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அதை விட்டுப் போகத்தான் ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்தேன். இருந்தும் என் இடம், என் இடம் என்று ஏதோ ஒன்று அடித்துக்கொண்டது. எனக்கே விளங்கவில்லை.

சாயங்காலம் மாமா பாங்கியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தா கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். அம்மா வந்து இறங்கினாள். துப்பட்டியை மடித்து வைத்தாள், கை கால் கழுவினாள், என்னிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். மாமாவால் தாங்க முடியவில்லை.

"என்ன அக்கா? நியூட்டன் சொன்னியா?"

"யாரும் கேக்கல" என்றாள் அம்மா.

பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லாமல் விட்டதை மறுநாள் என் பெஞ்சுத் தோழி, ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் பீரியட் கணக்கு. முடியும்போது வரிசை அம்மாவிடம் வந்தது. மாமா சொல்லிக் கொடுத்தபடி, "எல்லாம் புரிஞ்சுது சார்" என்றாள் அம்மா. சார் ஒரு நிமிடம் தயங்கியிருக்கிறார். ஆனால் விதி விதிதானே. "அப்போ நில்லுங்கம்மா" என்றார். அம்மாவுக்கு ஒரே பெருமை! நாற்பது பேரில் தன்னை மட்டும் எழுப்பி நிறுத்துகிறார்கள், பாராட்டத்தான் என்று நினைத்துவிட்டாள். பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்குகிறவர்கள் எழுந்து நிற்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முகமெல்லாம் மலர, இயற்பியல் பீரியட் முழுக்க நின்றாள். அது முடியும்போதும் அதே பதில். அடுத்த பீரியடுக்கும் எழுந்து நின்றாள். அப்போதுதான் தோழி மெல்ல அவள் புடவையை இழுத்து, "அம்மா, இது பனிஷ்மென்ட்மா" என்று காதில் சொன்னாளாம்.

"எனக்கு அப்டியே ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு" என்றாள் அம்மா. மாமா தரையைப் பார்த்தார்.

மத்தியானம் லேப். உயிரியல் டீச்சர் குள்ளமானவர், குரல் மட்டும் வெண்கலம். ஒரு வெங்காயத்தை உரித்து, உள் மடிப்பிலிருந்து கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோலைப் பிரித்தெடுத்து, மருந்து ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். அம்மாவின் முறை.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்கச் சொன்னாங்க. மொதல்ல எனக்கு என் கண்ணு ரோமம்தான் பெருசு பெருசா தெரிஞ்சுது. அப்புறம் அந்தம்மா ஏதோ திருகுனாங்க. அல்லாஹ்! செங்கல் அடுக்குன மாதிரி செவுரு. ஒவ்வொரு செங்கல்லயும் ஒரு பொட்டு. இத்தன வருஷமா இத நான் அரிஞ்சு எண்ணெயில போட்டுக்கிட்டு இருக்கேன். உள்ள இப்டி ஒரு ஊரே கட்டி வெச்சிருக்கான்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே."

அந்தப் பீரியட் முடிந்தபோது வரிசை மறுபடியும் அம்மாவிடம் வந்தது. நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்தது. மாமா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வாயில் வேறு வந்துவிட்டது.

"டீச்சர், வெங்காயத்த அரிஞ்சப்புறமும் அதுக்கு உசுரு இருக்குமா?"

வகுப்பே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா பயந்துவிட்டாள். டீச்சர் யோசித்தார். "இருக்கும்மா. உடனே போயிடாது. ஆனா எவ்ளோ நேரம் இருக்கும்னு எனக்குச் சரியாத் தெரியாது. பாத்துட்டு உங்க பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பறேன். நீங்க உக்காருங்க."

இந்த இடத்துக்கு வந்ததும் அம்மா காலி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவ்ளோ படிச்சவங்க. எனக்காகப் பாத்துச் சொல்றேன்றாங்க. தெரியாதுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க. கணக்கு வாத்தியாரு மட்டும் என்ன? போர்டு பூராவும் எழுதிக்கிட்டே போயி கடைசீல பூஜ்யம்னு முடிச்சாரு. அவ்ளோ கஷ்டப்பட்டு எழுதிட்டு ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்!"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் நிக்காஹ் செய்துகொண்டுவந்த பெண்ணை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சரி, விஷயத்துக்கு வா" என்றார் கடைசியில். "ஏரிக்கரை ஸ்கூல்ல நாளைக்குள்ள சொல்லணும். பொண்ண எடுத்துடலாமா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுக்கக் கூடாது" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கட்சியில் இருந்த ஒரே ஆள். "நீதானேம்மா வேணாம்னே? முடி கொட்டுது, பேயி புடிச்சிருக்குன்னே?" என்று கத்தினேன். "எனக்கு அங்க ஒண்ணுமே புரியலம்மா! ஒண்ணுமே!"

அம்மா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். நான் போகவில்லை. அவளே எழுந்து வந்தாள்.

"எனக்கு மட்டும் புரிஞ்சுதாடி? காலையிலேருந்து ஒரு வரி புரியல. ஆனா புரியாம ஒக்காந்திருக்கறது இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. எட்டாவதோட நிறுத்துனாங்க, அழுதேன், அப்புறம் மறந்துட்டேன். என்னத்துக்கு அழுதேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீ அந்த எடத்த விட்டுட்டு வந்தா நான் யாரு எடத்துல போய் ஒக்கார்றது?"

அத்தா எழுந்து கடைக்குப் போனார். ஏரிக்கரைப் பள்ளிக்கு ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரிச் சமையலுக்கு அம்மா அரிவாள்மனை முன்னால் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அரிய மனசு வரவில்லை. பசியோடு வந்த அத்தா எட்டிப் பார்த்தார். "கோழிக்குத்தான் பிஸ்மி சொல்லி அறுப்போம். இனிமே இதுக்கும் சொல்லிட்டு அறு, ஒரு வழியா சோறு தின்னலாம்" என்றார்.

நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். ஆனால் மறுநாள் கணக்கு பீரியட் முடிவில் என் முறை வந்தபோது, "எங்கேருந்து புரியலன்னே தெரியல சார்" என்று சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. எனக்கும் உன் வயசுல இதே கேள்விதான். உக்காரு, தேடலாம்" என்றார். நான் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சுப் பலகை அத்தனை சுகமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து உயிரியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அம்மாவின் கேள்விக்காக வெங்காயத் தோலைத் தண்ணீரில் போட்டு வைத்து, வீட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, காலையில் வந்ததும் ஒரு தடவை என்று பார்த்திருக்கிறார். "மறுநாளும் உயிரோட இருந்துது, உள்ள அசைவு தெரிஞ்சுதுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். அதை வீட்டில் சொன்னேன். அம்மா அந்தச் செய்தியைப் பால்காரரிடம் சொன்னாள், துணி வெளுக்கிறவரிடம் சொன்னாள், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னாள். 'வெங்காயத்துக்கு உசுரு இருக்காமே' என்று சொந்தக்காரர்கள் வெகுநாள் எங்களைக் கிண்டல் செய்தார்கள்.

அந்த இரண்டு வருடமும் டெர்முக்கு ஒரு நாள் என் பெஞ்சில் அம்மாதான் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நான் போகட்டுமா என்று அத்தா இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தார். "ஒங்களுக்குக் கடை இருக்கு" என்று முடித்துவிடுவாள். அவள் வருகிற நாளுக்காக என் வகுப்பே காத்திருக்கும். கேரியர் அடுக்குகளும் அதற்கு ஒரு காரணம். நான் அங்கே ஒருபோதும் முதல் ரேங்க் வாங்கவில்லை. நடுவில் எங்கேயோ இருந்தேன். நடுவில் இருப்பதற்கே அவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கட்டி நிற்கத் தோன்றுகிறது.

ப்ளஸ் டூ முடித்து, நகரத்துக்குள் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வரலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். சேர்க்கை அன்று அத்தாவும் அம்மாவும் கூட வந்தார்கள். அம்மா அதே பச்சைப் பட்டில் வந்தாள். அலுவலக ஜன்னலில் எல்லாம் முடிந்து ரசீது வந்ததும், அம்மா எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இங்க நாங்க எப்ப வந்து ஒக்காரணும்?" என்று கேட்டாள்.

ஜன்னலுக்குள் இருந்தவருக்குப் புரியவில்லை. "யாரு?"

"பொண்ணோட எடத்துல. அம்மாங்க."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், மனம் நோகச் சிரிக்கவில்லை. "காலேஜ்ல அதெல்லாம் கெடையாதும்மா. பேரன்ட்ஸ் இனிமே வர வேண்டியதே இல்ல. நீங்க நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

அம்மா சரியென்று தலையாட்டினாள். பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நிற்கும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடியே அத்தாவிடம் கேட்டாள்.

"அப்ப என் படிப்பு இதோட முடிஞ்சுதாங்க?"

அத்தா எங்கேயோ பார்த்தார். ரயில் வந்தது. கூட்டத்தில் இடம் பிடித்து, அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் தாம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம்.